கும்பிட்டபடி சைக்கிள் ஓட்டியவன்

நீங்கள் பொய் சொன்னீர்கள், செயலாளரே. தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னீர்கள். நமது சைக்கிள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் என் படத்தைப் போட்டு, அதன் கீழே 'ஏமாற்று வேலை' என்று எழுதினீர்கள். நான் பதில் அடித்து முடிப்பதற்குள் என்னைக் குழுவிலிருந்து தூக்கினீர்கள். அதனால் இங்கே, என் சொந்தப் பக்கத்தில், எழுதுகிறேன். இங்கிருந்து என்னைத் தூக்க உங்களால் முடியாது.

விவரம் தெரியாதவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். நான் சங்கரன்கோவிலில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிறேன். பால் வாங்கப் போகிற தூரம் இல்லை. விடியும் முன் கிளம்பினால் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருகிற தூரம். எங்கள் ஊரில் நடுவயது ஆள் சைக்கிள் ஓட்டினால் அவனுக்குச் சர்க்கரை இருக்கவேண்டும், அல்லது வண்டியை அடகு வைத்திருக்கவேண்டும், அல்லது வீட்டில் சண்டையாக இருக்கவேண்டும். எனக்குச் சர்க்கரை இல்லை. வண்டி வாசலில்தான் நிற்கிறது. மூன்றாவதைப் பற்றி என் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரச்சினை கையில்தான் வந்தது. நாள் முழுக்க ஹேண்டில்பாரில் உள்ளங்கையை ஊன்றியே போனால் மணிக்கட்டை ஒட்டி ஓடுகிற நரம்பு நசுங்கும். எனக்கு இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப்போயின. முதலில் ஞாயிறு ராத்திரி மட்டும் இருந்தது. பிறகு செவ்வாய் வரை இழுத்தது. அப்புறம் வாரம் முழுக்க அந்த இரண்டு விரல்களும் வேறு யாருடைய விரல்களோ மாதிரி என் கையில் ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு தொழில் செய்பவனாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நான் எள்ளைவிடச் சின்ன ஸ்குரூவை இடுக்கியால் பிடித்து வைக்கிறவன். இடுக்கி என் இடது கையில்தான் இருக்கும். ஒருநாள் ஒருவர் போனிலிருந்து கழற்றிய ஸ்குரூ விரலிலிருந்து நழுவித் தரையில் எங்கோ போய்விட்டது. நானும் அவரும் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடினோம். அது கிடைக்கவில்லை. பழைய போனிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தேன். அவர் காசைக் கொடுத்தார். ஆனால் என் கையைப் பார்த்துக்கொண்டே போனார்.

டாக்டரிடம் காட்டினேன். "சைக்கிளை விடுங்க" என்றார். வேறு வழி உண்டா என்று கேட்டேன். "விடுறதுதான் வழி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வழி கடையநல்லூரில் இருந்தது. அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. துபாயில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அங்கே இருந்தபோது சைக்கிள் ஓட்டிப் பழகியவர். என் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். அதற்குள் இரண்டு கருப்புக் குழாய்களும், முழங்கை வைக்க இரண்டு மெத்துத் திண்டுகளும் இருந்தன. ஏரோ பார் என்பார்கள். ஹேண்டில்பாரின் நடுவில் கவ்வி மாட்டினால் முன்பக்கம் இரண்டு கொம்புபோல நீட்டிக்கொண்டு நிற்கும். முழங்கையைத் திண்டில் வைத்துக்கொண்டு, கையை முன்னால் நீட்டி, கொம்பின் நுனியைச் சும்மா தொட்டுக்கொண்டு ஓட்டலாம். உடம்பின் பாரம் முன்கை எலும்பில் இறங்கும். உள்ளங்கைக்கு வேலையே இல்லை.

"இது ரேஸ்காரன் மாட்டுத சாமான்லா?" என்றேன்.

"ரேஸ்காரன் ஜட்டியும்தான் போடுதான். அதுக்காவ நீரு போடாம இருக்கீரா வே?"

அவரே மாட்டிக்கொடுத்தார். ரேஸ்காரர்கள் இதைத் தாழ்த்தி வைப்பார்கள். அப்போது முதுகு படுத்து, தலை தாழ்ந்து, காற்று மேலே வழுக்கிப் போகும். அவர் எனக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி, திண்டுகளை அகட்டி, என் பக்கமாக இழுத்து வைத்தார். "ஒமக்கு வேகம் வேண்டாம். கடையில மேசை மேல கைய வச்சுக்கிட்டு ஒக்காருவீருல்லா, அந்த மாதிரி ஒக்காரும். மேசை ஓடும்" என்றார்.

மேசை முதல் வாரம் என்னைக் குளத்தங்கரைச் சரிவில் கொண்டுபோய் இறக்கியது. அந்த நிலையில் பிரேக் கைக்கு எட்டாது. ஹேண்டில் கொஞ்சம் அசைந்தாலும் சைக்கிள் தெருவை அளக்கும். ஆடு குறுக்கே வந்தால் கையை எடுத்துப் பிரேக்குக்குப் போவதற்குள் ஆடு நம்மைக் காப்பாற்றினால்தான் உண்டு. இளையரசனேந்தல் பக்கம் ஆளில்லாத ரோட்டில் பழகினேன். கழுத்து வலித்தது, பிறகு பழகிவிட்டது. என் மனைவி கொம்பைப் பார்த்துவிட்டு, "இனி இதுக்குத் தண்ணி காட்டணுமா, கட்டிப்போட்டாப் போதுமா?" என்று கேட்டாள். ஒரு மாதத்தில் சுண்டுவிரல் திரும்பி வந்தது. இடுக்கி நழுவவில்லை. வேகம் கூடியதா என்றால், இல்லை. முன்பு போன தூரத்துக்கு முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம்தான் ஆனது. ஆனால் வீட்டுக்கு வரும்போது இரண்டு கைகளும் என்னுடையவையாக இருந்தன.

இனி அந்த ரைடு. ஆடி மாதம் கிளப் வைத்த இருநூறு கிலோமீட்டர் ரைடு. சங்கரன்கோவிலில் கிளம்பி, திருநெல்வேலி, தென்காசி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், ராஜபாளையம் சுற்றி மறுபடி சங்கரன்கோவில். யாரும் யாரையும் ஜெயிக்கவேண்டியது இல்லை. கொடுத்த நேரத்துக்குள் வந்துசேர்ந்தால் அட்டையில் கையெழுத்து, அவ்வளவுதான். கிளம்பும் முன் செயலாளர் எல்லார் சைக்கிளையும் சோதித்தார். விளக்கு எரிகிறதா, ஹெல்மெட் இருக்கிறதா, பின்னால் மின்னுகிற சட்டை போட்டிருக்கிறோமா. என் சைக்கிளுக்கு வந்ததும் திண்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். "சோபா மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி. கூட்டமாப் போகும்போது மட்டும் பிரேக்ல கைய வச்சுக்கிடுங்க" என்றார். சரி என்றேன். அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திருநெல்வேலி வரை ஒன்றும் இல்லை. அங்கிருந்து தென்காசிக்குத் திரும்பியதும் காற்று முகத்தில் மோதியது. ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றை வெளியூர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது? இத்தனை காற்றாலைகளை யாரும் அழகுக்காக இங்கே நட்டுவைக்கவில்லை. மிதிக்கிற மிதியெல்லாம் காற்றுக்கே போனது. கூட வந்தவர்கள் பின்தங்கினார்கள். நான் தனியாகத்தான் போகிறேன் என்று நினைத்து முழங்கையைத் திண்டில் வைத்தேன். ஹேண்டிலில் மாட்டிய கண்ணாடியில் பார்த்தால் என் பின்சக்கரத்தை ஒட்டி செயலாளரின் மஞ்சள் ஹெல்மெட். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் காற்று அடிக்காது. பாதி மிதித்தால் போதும். இதில் தப்பு இல்லை. முறைவைத்து மாறி மாறி முன்னால் போவார்கள். ஆலங்குளம் தாண்டியும் செயலாளர் முறை வரவில்லை. பாவூர்ச்சத்திரத்திலும் வரவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாப் போங்க. நீங்க போற போக்குக்கு எனக்குக் காத்து அடிக்கி."

நான் மெதுவாகப் போனேன். தென்காசியில் டீ குடிக்கும்போது, "ஒங்க முதுகு கதவு மாதிரி அண்ணாச்சி. நல்லா அடைக்கி" என்று பாராட்டினார். அப்போது கொம்பு அவருக்குக் குற்றமாகத் தெரியவில்லை. கதவு திறந்திருந்தால் அல்லவா குளிரும்.

தென்காசிக்குப் பிறகு வடக்கே திரும்பியதும் காற்று பக்கவாட்டில் அடித்தது. பக்கக் காற்றில் கொம்பில் படுத்தால் வயலில்தான் போய் எழுந்திருக்கவேண்டும். அதனால் ராஜபாளையம் வரை கையை ஊன்றித்தான் ஓட்டினேன். எதிர்காற்று போனதும் செயலாளருக்குப் புது உயிர் வந்தது. வேகமாகப் போகிற நாலு பேரோடு சேர்ந்து முன்னால் போய்விட்டார். எனக்கு விரல் மறுபடி மரத்துப்போக ஆரம்பித்தது.

ராஜபாளையத்திலிருந்து ஊருக்குத் திரும்பியபோது சாயங்காலம். காற்று அடங்கியிருந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா நேரம். ரோட்டோரமாக மஞ்சள் சேலையும் வேட்டியுமாகக் கூட்டம் கூட்டமாக நடந்துபோனார்கள். ஆள் இருக்கிற இடத்தில் பிரேக்கில் கையை வைத்துக்கொண்டும், ஆள் இல்லாத நேர் ரோட்டில் கைக்கு ஓய்வு கொடுக்கக் கொம்பில் சாய்ந்துகொண்டும் வந்தேன். கொம்பின் நுனிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கை இரண்டும் சேர்ந்துவிடும். முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

தண்ணீர்ப் பந்தல் ஒன்று வந்தது. தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார்கள். துண்டு கட்டிய ஒரு பெரியவர் ரோட்டுக்கே வந்து கையை விரித்து நின்றார்.

"நில்லுங்க சாமி. நில்லுங்க."

நின்றேன். அவர் திரும்பி எல்லாரிடமும் சொன்னார். "அம்மா ஒத்தக் கால்ல நின்னு தபசு பண்ணுனா. இவரு ரெண்டு காலையும் சுத்திக்கிட்டே கும்பிட்டுக்கிட்டு வாராருவே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயா, நான் வேண்டுதலுக்கு வரலை. சைக்கிள் கிளப்புல இருந்து வாரேன்" என்றேன்.

"ஆமா, ஆமா" என்றார் பெரியவர். "வேண்டுதலை வெளிய சொல்லப்படாது. சொல்லாண்டாம்."

"வேண்டுதலே இல்லைங்கேன்."

"பாத்தியா, எவ்வளவு கட்டுப்பாடா இருக்காரு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். இதற்கு மேல் நான் என்ன செய்யமுடியும்? மறுக்க மறுக்க என் பக்தி கூடிக்கொண்டே போனது. ஷூவைக் கழற்றச் சொல்லி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அடியில் இரும்பு வைத்த சைக்கிள் ஷூவைப் பார்த்து, ஆணிச்செருப்பு போட்டிருக்கிறேன் என்று முடிவு செய்தார்கள். ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டார். "ரோட்டப் பாக்காமக் கும்பிட்டுக்கிட்டு வாரீரே, எதுக்க லாரி வந்தா அவன்லா ஒம்மக் கும்பிடணும்?" என்றார். அந்தக் கூட்டத்தில் புத்தியோடு பேசியது அவர்தான். அவரை எல்லாரும் சேர்ந்து அதட்டினார்கள்.

மோர் கொடுத்த பெண் என் இடது கையைப் பார்த்தார். டம்ளரை வலது கையில் வாங்கிக்கொண்டு நான் இடது கையை உதறிக்கொண்டிருந்தேன்.

"கைக்காவயா அண்ணாச்சி?"

"ஆமா, கைக்காகத்தான்" என்றேன். உண்மை அதுதான். கைக்காகத்தான் கொம்பு மாட்டினேன். கைக்காகத்தான் அப்படிச் சாய்ந்து வந்தேன். வேறு என்ன சொல்லியிருக்கவேண்டும்?

அவர் பந்தலுக்குப் பின்னால் போய், முந்தானையில் முடிந்திருந்த ஒன்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு கை. நோய் தீர உண்டியலில் போடுவது. "எங்க வீட்டுக்காரருக்குத் தறியில கை மாட்டிட்டு. விரலு மடங்க மாட்டேங்கி. இந்தக் கூட்டத்துல என்னால உண்டியல் வரைக்கும் போக முடியாது. நீங்க போட்டுருங்க" என்றார். என் பெயரைக் கேட்கவில்லை. ஊரையும் கேட்கவில்லை. நான் வாங்கி, பஞ்சர் ஒட்டுகிற சாமான் வைக்கும் பையில் பத்திரமாக வைத்தேன். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று உண்டியலில் போட்டேன். நான் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை. அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. கொடுத்தார்கள், கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

கிளம்புவதற்குள் கொம்பில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். ஒரு இளைஞர் போனில் வீடியோ எடுத்தார். சந்தோஷமாகவே விடை கொடுத்தார்கள். வேப்பிலையோடு ஊருக்கு வந்தேன். ரைடு முடிகிற டீக்கடையில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். நேரம் இன்னும் பாக்கி இருந்தது. "என்ன அண்ணாச்சி, சாமியாடிட்டு வாரீகளா?" என்று சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வீடியோவுக்கு யாரோ உறுமி மேளச் சத்தம் சேர்த்து, 'கை குணமாக சைக்கிளில் தபசு' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். என் மாமியாரே எனக்கு அனுப்பினார், யார் என்று தெரியாமல். அது மதுரைப் பக்கம் போய், அங்கே சைக்கிள் கிளப்காரர்களில் பெரிய ஆள் ஒருவர் பார்த்துவிட்டு, உங்கள் ரைடில் இதெல்லாம் உண்டா என்று செயலாளரைக் கேட்டாராம். அவ்வளவுதான். டீக்கடையில் சிரித்தவருக்கு, மதுரைக்காரர் கேட்ட அன்று ராத்திரியே ஒழுக்கம் வந்துவிட்டது. குழுவில் எழுதினார். கொம்பு மாட்டி வேகமாகப் போனதாக. வெளி உதவி கூடாது என்ற விதியை மீறி, வழியில் ஆள் வைத்து உபசாரம் ஏற்பாடு செய்ததாக. வேண்டுதல் என்று பொய் சொல்லி ஊரை ஏமாற்றியதாக. என் ரைடு செல்லாது என்று அறிவித்தார்.

வேகமாகப் போனேன் என்றால் அந்த நாலு பேரும் எனக்கு முன்னால் எப்படி டீ குடித்து முடித்தார்கள்? பந்தலை நான் ஏற்பாடு செய்தேன் என்றால், ரோட்டில் போகிற ஆயிரக்கணக்கான பேருக்கும் மோர் கொடுக்க எனக்கு எங்கே வசதி? வேண்டுதல் இல்லை என்று எத்தனை தடவை சொன்னேன் என்பது அந்த வீடியோவிலேயே கேட்கும், உறுமிச் சத்தத்தைக் குறைத்தால்.

இதெல்லாம் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சண்டை என்றால் விட்டிருப்பேன். அட்டையை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? ஆனால் நான் செய்வது செல்போன் தொழில். ஜனங்கள் போனைக் கொடுக்கும்போது பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கல்யாணப் போட்டோ, பேங்க் கணக்கு, வீட்டுச் சண்டை எல்லாம் அதில்தான் இருக்கிறது. சாயங்காலம் வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நம்பிக்கைதான் என் கடை. மற்றதெல்லாம் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு இடுக்கி.

குழுவில் எழுதிய அந்த வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். பல வருஷப் பழக்கம். போனில் சார்ஜ் ஏறவில்லை என்றார். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"இல்ல, இருந்தே வாங்கிட்டுப் போறேன்."

"நேரம் ஆகுமே."

"ஆகட்டும். எனக்கு வேலை ஒண்ணும் இல்ல."

ஸ்டூலை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தார். நான் திறந்ததிலிருந்து மூடியது வரை என் விரலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் கேட்டார். "சைக்கிள்ல என்னமோ ஏமாத்திட்டீகன்னு சொல்லுதாக. சைக்கிள்ல எப்படி ஏமாத்த முடியும்? எனக்கு வெளங்கல." அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் எனக்கு எரிந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் புருஷன் கைக்காக வாங்கிய வெள்ளியை நடுரோட்டில் என்னை நம்பிக் கொடுத்தார். தினமும் என் முகத்தைப் பார்க்கிறவர் ஒரு பழைய போனை ஒரு மணி நேரம் என்னிடம் விட்டுப்போகப் பயப்படுகிறார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் உட்கார ஆரம்பித்தார்கள். இப்போது கடையில் மூன்று ஸ்டூல் கிடக்கிறது.

செயலாளருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ரெண்டு நாள் கழித்துத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். அதை அப்படியே தருகிறேன். "மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. நீங்க ஏமாத்தலன்னு எனக்குத் தெரியாதா? குரூப்ல ஒரு ஒழுங்குக்காகச் சொன்னது. அடுத்த ரைடுக்கு வாங்க. அந்தக் கொம்ப மட்டும் கழட்டிருங்க."

படித்துவிட்டு என் மனைவி, "நல்ல மனுசன். நாலு பேருக்கு முன்னாடி அடிச்சுட்டு, வீட்டுக்கு வந்து தைலம் தேய்ச்சு விடுதாரு" என்றாள். எனக்கு அவ்வளவு நாகரிகமாகச் சொல்ல வரவில்லை. நான் திருப்பி அனுப்பியதை இங்கே எழுதமுடியாது.

கொம்பைக் கழற்ற மாட்டேன். கழற்றினால் என் விரல் போகும், விரல் போனால் தொழில் போகும். உங்கள் ரைடு வேண்டாம் என்றால் தனியாக ஓட்டிக்கொள்கிறேன். ரோடு கிளப்புக்குச் சொந்தமில்லை. கையெழுத்துப் போட்ட அட்டையைச் செல்லாது என்கிறீர்கள், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் பெயருக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதிய சொல் என் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி அனுப்பவேண்டியது நீங்கள்.

நான் ஏமாற்றவில்லை என்று உங்களுக்குத் தெரியும் என்று எனக்கு எழுதினீர்களே, அதே வரியை அதே குழுவில் எழுதுவீர்களா, மாட்டீர்களா? எழுத மாட்டீர்கள் என்றால் ஏன் என்று சொல்லுங்கள். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பவேண்டாம். ஆள் விட்டுச் சமாதானம் பேசவும் வேண்டாம். எல்லாரும் பார்க்க எழுதினீர்கள். எல்லாரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள்.